யாருக்காக எரிகிறது கோர்துவான்?

பிரான்ஸின் தென்மேற்கில், ஜிரோந்த் கழிமுகம் அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்கும் இடத்தில், கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. ஓதம் ஏறினால் திட்டு முழுவதும் நீருக்குள் போய்விடும். வற்றினால் மணலும் பாசி பிடித்த பாறையும் தலைகாட்டும். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் எழுந்து நிற்கிறது கோர்துவான் கலங்கரை விளக்கம். 1611இல் கட்டி முடித்தார்கள்; இன்றும் பணியில் இருக்கிறது. உயரம் 67 மீட்டருக்கு மேல். உச்சிக்குப் போக 301 படிகள்.

படகு அருகே வராது. ஓதம் வற்றும் நேரம் பார்த்து, கணுக்கால் நனைய நீரில் இறங்கி, வழுக்கும் கல்பாதையில் நடந்துதான் வாசலை அடைய வேண்டும். உள்ளே முன்மண்டபம். அதற்கு மேல் தளத்தில் அரசருக்கென்று அமைத்த அறை. எந்த அரசரும் அங்கே வந்து தங்கியதில்லை. அடுத்த தளத்தில், குவிமாடக் கூரையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட ஒரு மாதா சிற்றாலயம்.

அந்த ஆலயம்தான் யோசிக்க வைக்கிறது. ஊரே இல்லாத நடுக்கடலில், ஞாயிறு பூசைக்கு வர ஒரு குடும்பம்கூட இல்லாத இடத்தில், இவ்வளவு செலவில் ஒரு கோயில் எதற்கு? அரசாங்கத்தின் பகட்டு என்று சொல்லலாம். பகட்டு இருந்தது உண்மைதான். ஆனால் இந்தத் திட்டில் ஆலயம் வந்தது அரசர்களின் அறை வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்னால். விளக்கு வைத்தவர்கள் எல்லோரும் அதனருகில் ஒரு பீடத்தையும் வைத்தார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்வதும் கடவுளைத் தொழுவதும் ஒரே செயலா, இரண்டு செயல்களா என்ற கேள்வி கோர்துவானின் கல்லிலேயே இருக்கிறது. கட்டடத்தைச் செப்பனிட வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது.

கதை ஒரு துறவியிடமிருந்து தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் போர்தோ நகரமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் இங்கிலாந்து அரசர்களின் ஆளுகையில் இருந்தன. கறுப்பு இளவரசர் என்று வரலாற்றில் பெயர் பெற்ற எட்வர்டின் ஆணைப்படி இங்கே ஒரு கோபுரம் எழுந்தது. மேலே விறகுத் தீ, கூடவே மாதாவுக்கு ஓர் ஆலயம். இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒரு துறவி. போர்தோவிலிருந்து ஒயின் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் அவருக்கு ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வது தொண்டாகுமா என்று நம்மவர் கேட்கக்கூடும். கைம்மாறு கருதாமல் செய்வதே அறம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது உறுத்தும். ஆனால் அந்தத் திட்டில் ஒரு மரம்கூட முளைக்காது. எரிகிற ஒவ்வொரு கட்டையும் படகில் வந்து சேர வேண்டும். படகுக்காரனுக்குக் கூலி உண்டு, விறகுக்கு விலை உண்டு. மாலுமி கொடுத்த காசு, மறுநாள் இரவு இன்னொரு மாலுமிக்கு வெளிச்சமாயிற்று. துறவியின் கை வழியாக அது கடந்து போயிற்று, அவ்வளவுதான். மேலைக் கிறித்தவத் துறவு வாழ்வுக்கு 6ஆம் நூற்றாண்டில் ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், மடத்தின் பாத்திர பண்டங்களைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே பேண வேண்டும் என்று விதித்திருந்தார். அந்த மரபில் நின்று பார்த்தால் கரி படிந்த தீக்கூண்டும் நனையாமல் மூடி வைத்த விறகும் பூசைக்குரிய பொருள்களே. துறவிகள் நள்ளிரவில் எழுந்து செபிப்பது அந்த மரபின் வழக்கம். கோர்துவானில் அதே நள்ளிரவில் எழுந்து தீயையும் கிளறியாக வேண்டும். எது செபம், எது வேலை என்று பிரித்துச் சொல்ல அவரால் முடிந்திருக்குமா?

பிறகு கடைசித் துறவி இறந்தார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. தீ அணைந்தது. கோபுரம் மெல்ல மெல்ல இடிந்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாழடைந்து கிடந்தது. கட்டணம் வாங்கும் உரிமை ஏட்டில் இருந்தது, போர்தோவின் ஒயின் வணிகம் பெருகிக்கொண்டேயிருந்தது. பணமும் தேவையும் சட்டமும் கைவசம் இருந்தும், இரவில் எழுந்திருக்க ஓர் ஆள் இல்லாததால் விளக்கு போயிற்று. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தேவைப்படும்.

புதிய கோபுரத்துக்கான ஒப்பந்தம் 1584 மார்ச் 2இல் கையெழுத்தானது. கட்டுபவர் லூயி த ஃபுவா என்ற பொறியாளர். பயோன் நகருக்கருகே அதூர் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டவர். அரசரின் சார்பில் மத்தினியோன் தளபதி இருந்தார். நகரத்தின் சார்பில் அங்கே இருந்தவர் போர்தோவின் மேயர் மிஷேல் த மொந்தேன். ஆம், கட்டுரை என்ற இலக்கிய வடிவத்துக்கே தந்தையான அதே மொந்தேன்தான்.

அந்த ஆண்டில் பிரான்ஸ் எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே உள்நாட்டுப் போர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விட்டு விட்டு நடந்துகொண்டிருந்தது. 1572இல் பாரிஸில் தொடங்கிய புராட்டஸ்டன்டுகள் மீதான படுகொலை சில வாரங்களில் போர்தோவின் தெருக்களுக்கும் வந்தது. கழிமுகத்தின் வடகரைப் பகுதி புராட்டஸ்டன்டுகள் செறிந்து வாழ்ந்த நிலம். மொந்தேன் கத்தோலிக்கர், உடன்பிறந்தவர்களிலேயே மறுபக்கம் போனவர்கள் உண்டு. இரு தரப்புக்கும் இடையே தூது போய்க்கொண்டிருந்தவர் அவர். அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட ஒருவர் முன்னிலையில், எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான ஒரு விளக்குக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஆலயம் கத்தோலிக்க ஆலயம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கழிமுகத்துக்குள் வந்துபோன டச்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் அந்த ஆலயத்தை ஏற்காத நாடுகளிலிருந்து வந்தவை. பீடம் ஒரு சபைக்கு உரியது. அதற்கு மேலே எரிந்தது எல்லாச் சபைக்கும் உரியதாயிற்று. நிலத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டும் கிடைக்காத சமாதானத்தை, இந்தக் கட்டடம் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது.

வேலை முடிய 27 ஆண்டுகளாயின. த ஃபுவா முடிவைப் பார்க்கவில்லை. அவர் மகன் தொடர்ந்தார், பிறகு ஃபிரான்சுவா புஷே முடித்துக் கொடுத்தார். ஆலயத்துக்குள் வாசலுக்கு மேலே த ஃபுவாவின் மார்பளவுச் சிலை இன்றும் இருக்கிறது.

இதற்குப் பிந்தைய ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புயல் அடித்தது, 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர் செப்பனிட்டார், மீண்டும் பழுதடைந்தது. விளக்கின் தீயே விளக்குக்கு எதிரியாக இருந்தது: இரவெல்லாம் எரியும் வெப்பத்தில் மேற்கூண்டின் கல் வெந்து உதிர்ந்தது. 1717இல் அந்தக் கூண்டை இறக்கிவிட்டுத் தீயைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாலுமிகள் சும்மா இருக்கவில்லை. தூரத்திலிருந்து தெரியவில்லை என்று முறையிட்டார்கள். பத்தாண்டு கழித்து இரும்புக் கூண்டு வந்தது. 1782இல் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்குகளையும் உலோக எதிரொளிப்பான்களையும் பொருத்தினார்கள். புதுமைதான், ஆனால் பழைய கரித்தீயே மேல் என்று மாலுமிகள் மறுபடியும் முறையிட்டார்கள்.

இந்த முறையீடுகளை நிர்வாகக் கோப்புகளின் சலசலப்பு என்று தள்ளிவிடக் கூடாது. தொண்டு செய்கிறவருக்குத் தன் தொண்டின் அளவு தெரியாது. மனம் நிறையச் செய்தோம் என்ற நிறைவு அவருக்கு எளிதில் கிடைத்துவிடும். பெற்றுக்கொள்பவர் வந்து ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும்போதுதான் அது உண்மையில் சென்று சேர்ந்ததா என்பது புலப்படுகிறது. எத்தனையோ கோயில்களும் அறநிலையங்களும் இந்தக் குரலைக் கேட்க வழியின்றிப் போய்விடுகின்றன. கோர்துவானுக்கு அந்த வழி இருந்தது.

அதைக் காதில் வாங்கியவர் பொறியாளர் ஜோசஃப் தெலேர். 1780களின் இறுதியில் அவர் செய்தது, இன்று எந்தத் தொல்பொருள் அதிகாரியும் அனுமதிக்காத காரியம். ஆலயத்துக்கு மேலிருந்த மறுமலர்ச்சிக் காலத் தளங்களை இடித்துத் தள்ளினார். அந்த இடத்தில் அலங்காரம் ஏதுமற்ற, நெடிய கூம்பு வடிவக் கோபுரத்தை ஏற்றினார். மொத்த உயரம் 60 மீட்டரைத் தாண்டியது. கீழ்த்தளங்களில் தூண்களும் சிற்பங்களும் செறிந்திருக்க, மேலே வெறும் கல் மட்டும் எழுவது தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு காலங்கள், இரண்டு மனங்கள். தெலேர் செய்தது அழிவு வேலை என்று கலை வரலாற்றாசிரியர் வருந்தலாம். ஆனால் அவர் கல்லைவிடக் கடமைக்கு விசுவாசமாக இருந்தார், அது சரியான முடிவுதான். ஆலயத்தைத் தொடாமல் விட்டது அதைவிட முக்கியம். உயர்த்தியே ஆக வேண்டியதை உயர்த்தினார், விட வேண்டியதை விட்டார்.

இங்கே ஒரு கனமான உண்மையைச் சொல்லாமல் கடக்க முடியாது. இந்த உயரம் யாருக்காக? 18ஆம் நூற்றாண்டின் போர்தோ, கரீபியத் தீவுகளின் சர்க்கரையாலும் காப்பியாலும் அவுரியாலும் கொழித்த நகரம். அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள். போர்தோ துறைமுகத்திலிருந்தே ஏறத்தாழ 500 அடிமை வணிகப் பயணங்கள் புறப்பட்டிருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். அந்தக் கப்பல்கள் வெளியே போகும்போதும், ஆளை விற்ற பணத்தில் சரக்கு நிரப்பிக்கொண்டு திரும்பும்போதும் வழி காட்டியது கோர்துவான். ஒயின் கப்பலுக்குக் காட்டிய அதே வெளிச்சத்தை, அதே கனிவோடு.

நல்லவர் மேலும் தீயவர் மேலும் ஒரே கதிரவன் உதிப்பதைக் கடவுளின் பரந்த மனத்துக்குச் சான்றாகச் சொல்வது கிறித்தவ மறை. பெய்யும் மழைக்கு வேற்றுமை இல்லை என்று நாமும் சொல்கிறோம். ஆனால் மழையை யாரும் பணம் கொடுத்துப் பெய்விப்பதில்லை. விளக்கு மனிதர் வைத்தது. அதன் உயரத்தைத் தீர்மானித்ததில் துறைமுகத்தின் வணிகத் தேவைக்குப் பெரும் பங்கு உண்டு. பாறையில் மோதி மூழ்கப்போகும் கப்பலைக் காப்பாற்றுவது எப்போதும் சரிதான், அதில் இருப்பவன் யாராக இருந்தாலும். அடிமைக் கப்பலின் மாலுமியும் நீரில் விழுந்தால் மூச்சுத் திணறுகிறவன்தான். குறை வெளிச்சத்தில் இல்லை. வெளிச்சம் எட்டிய தூரத்தோடு தங்கள் அறம் முடிந்தது என்று நினைத்த கரைக்காரர்களிடம் இருக்கிறது. கப்பலின் அடித்தளத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கோர்துவானின் ஒளியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆலயத்தில் மாதாவிடம் கப்பலுக்காக மன்றாடியவர்கள் அவர்களுக்காக மன்றாடினார்களா என்பதுதான் அந்தப் பீடத்தின் முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கோர்துவானின் புகழைப் பாடுகிற எழுத்துகளில் இது பெரும்பாலும் வருவதில்லை. வர வேண்டும்.

தெலேரின் வேலை நடந்தபோதே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கோபுரத்திலிருந்த அரசர்களின் சிலைகள் போயின. விளக்கு போகவில்லை. அரசரை வேண்டாம் என்றவர்களுக்கும் மாலுமி வேண்டியிருந்தது.

1823 ஜூலை 25 இரவு கோர்துவானில் ஏற்றப்பட்ட விளக்கு உலகத்தின் கடற்கரைகளையே மாற்றியது. ஒகுஸ்தேன் ஃபிரெனெல், சாலைகளும் பாலங்களும் போடும் அரசுப் பொறியாளர். ஒளி அலையாகப் பரவுகிறது என்று கணிதத்தால் நிறுவியவர். கண்டிப்பான பக்தி நெறியான ஜான்செனியக் குடும்பத்தில் வளர்ந்தவர். எதிரொளிப்பான்கள் தம் மேல் படும் ஒளியில் கணிசமான பகுதியை விழுங்கிவிடுவதைக் கண்டு, கண்ணாடிப் பட்டகங்களால் ஒளியை வளைத்துத் தொடுவானத்தை நோக்கித் திருப்பும் லென்ஸை வடிவமைத்தார். நடுவில் ஒரு வில்லை. அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்கள். அப்படி எட்டுப் பலகைகள், நடுவே ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு திரிகள் கொண்ட ஒற்றை எண்ணெய் விளக்கு. ஒளியியல் கருவி செய்யும் ஃபிரான்சுவா சொலேய் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தார். பாரிஸில் பாதி கட்டிய நிலையிலிருந்த வெற்றி வளைவின் மேல் ஏற்றிச் சோதித்தபோது 32 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரசரே பார்த்தார். கோர்துவானுக்கு ஃபிரெனெல் நேரில் வந்து துண்டு துண்டாகப் பூட்டினார். ஏறத்தாழ அந்தக் காலத்திலேயே இருமலில் இரத்தம் வரத் தொடங்கியது. காசநோய். 1827இல் இறந்தபோது வயது 39.

லென்ஸ் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதன் இரவு முழுவதும் ஒரு காவலரின் கையில்தான். திரி கருகினால் வெளிச்சம் மங்கும். நுனியை வெட்ட வேண்டும், சற்றுக் கோணலாக வெட்டினாலும் சுடர் சாய்ந்து புகைக்கும். புகை கண்ணாடியில் படியும், விடிந்ததும் ஒவ்வொரு பட்டகமாகத் துடைக்க வேண்டும். லென்ஸைச் சுழற்றும் கடிகாரப் பொறிக்கு எடையை ஏற்றிச் சாவி கொடுக்க வேண்டும். சம்பளம் வாங்கிய அரசு ஊழியர்கள் அவர்கள். துறவறம் பூணவில்லை. ஆனாலும் முகம் தெரியாத ஒருவனுக்காக நள்ளிரவில் கண் விழித்து ஒரு சுடரையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சம்பளத்துக்கு ஈடான வேலை என்று மட்டும் கணக்கெழுத மனம் வரவில்லை. அந்தப் பழைய துறவியின் இரவுக்கும் இவர்கள் இரவுக்கும் உள்ள வேறுபாடு, உடுத்திய உடையைவிடப் பெரியதில்லை.

செப்பனிடும் வேலைக்கு வருவோம். கோர்துவானின் உண்மையான பகைவன் அலையைவிட உப்பு. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல் கடல்நீரை உறிஞ்சும். வெயிலில் நீர் போய்விடும், உப்பு உள்ளே படிகமாகித் தங்கும். படிகம் வளர வளரக் கல்லை உள்ளிருந்து நெம்பும். முதலில் போவது சிற்பத்தின் மெல்லிய பகுதிகள். ஒரு முகத்தின் மூக்கு, ஓர் இலையின் ஓரம். விரலால் தொட்டால் மாவாக உதிரும். அதற்கு மருந்து கிடையாது. கெட்ட கல்லை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுக்கல்லைச் செதுக்கி வைப்பதுதான் வழி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய அளவில் இப்படி நடந்தது, ஆலயமும் அப்போது மீண்டும் உயிர் பெற்றது. 1862இல் கோர்துவான் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அண்மைக் காலத்தில் வெளிச்சுவர், அரசர் அறை, ஆலயம் எனக் கட்டம் கட்டமாக வேலை நடந்தது. கல்லும் ஆளும் ஓதம் பார்த்துத்தான் வந்துசேர முடியும். 2021இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது.

கல் மாறியது. விறகு கரியாயிற்று, கரி எண்ணெயாயிற்று, 1948இல் மின்சாரம் வந்தது. ஃபிரெனெலின் முதல் லென்ஸும் இப்போது அங்கே இல்லை. அப்படியானால் மீட்டெடுத்தது எதை? பொருள்களைப் பட்டியலிட்டால் த ஃபுவாவின் கோபுரத்தில் மிஞ்சியது குறைவு. மாறாமல் வந்தது ஒன்றுதான்: இரவில் ஒருவர் இங்கே இருப்பார் என்ற உறுதி. அந்த உறுதியைக் காலி செய்துவிட்டுக் கல்லை மட்டும் பளபளப்பாக்கினால் அதைச் செப்பனிட்டதாகச் சொல்ல முடியாது.

பிரெத்தான் கடலோரத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கேரெயோன் கலங்கரை விளக்கத்தின் உள்ளறைகளில் பல நிற மரங்களை இழைத்துப் பதித்த தரை உண்டு. அதில் கீறல் விழக் கூடாதென்று காவலர்கள் காலடியில் கம்பளித் துணி வைத்துத்தான் நடப்பார்கள். 2004இல் விளக்கு தானியங்கியானது, காவலர்கள் போய்விட்டார்கள். விளக்கு எரிகிறது. சன்னலைத் திறந்து காற்றோட்டம் விட அன்றாடம் ஆளில்லாத அறைகளில் ஈரம் குடிபுகுந்தது.

கோர்துவானுக்கும் அதே முடிவு நெருங்கியது. 2006இல் விளக்கு தானியங்கியானது. 2012இல் கடைசி அரசுக் காவலர்கள் இறங்கினார்கள். பழைய துறவி இறந்த நாளில் நின்ற இடத்தில் கோபுரம் மறுபடியும் நின்றது. இம்முறை யாரும் வரவில்லை என்று ஆகவில்லை. கழிமுகத்தின் இரு கரை மக்களுக்கும் பொதுவான உள்ளாட்சிக் கூட்டமைப்பு பொறுப்பை ஏற்றுத் தன் செலவில் ஆள் வைத்தது. இருவர் இருவராக, முறை வைத்து, குளிர்காலத்திலும் அங்கே தங்குகிறார்கள். கடல் நடுவே ஆள் குடியிருக்கும் கலங்கரை விளக்கம் என்று பிரான்ஸில் இப்போது இது ஒன்றுதான். அவர்கள் விளக்கை ஏற்றுவதில்லை. அதை எந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஓதம் ஏறுவதற்குள் வாசல் கதவை அடைக்கிறார்கள், புயலுக்குப் பிறகு சுவரில் புதிய விரிசல் உண்டா என்று சுற்றிப் பார்க்கிறார்கள், பருவத்தில் வரும் பயணிகளை 301 படிகளும் அழைத்துப் போகிறார்கள், ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறார்கள். கரையிலேயே வசதியாக இருக்கக்கூடியவர்கள், புயல் நாளில் இறங்கவும் முடியாத ஒரு பாறையில் இருக்க ஒப்புக்கொள்கிறார்கள். ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு வரும் சரக்குக் கப்பலுக்கு அவர்கள் தேவையில்லாமல் இருக்கலாம். கழிமுகத்தின் மணல்திட்டுகளுக்கிடையே இரவில் திரும்பும் மீன்பிடிப் படகுக்குக் கோபுரத்தின் வெள்ளை, சிவப்பு, பச்சை வெளிச்சம் இன்னும் வேண்டியிருக்கிறது. பட்ஜெட் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் கத்தரிக்கப்படும் செலவு ஆள் செலவுதான். கோர்துவானில் அடுத்த பத்தாண்டுகளுக்குக் கல்லுக்கு ஒதுக்குகிற பணத்தோடு, அந்த இருவரின் இருப்புக்கும் உறுதி எழுதி வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள், அந்தக் கழிமுகத்தின் மாலுமிகளும் ஆலயத்தின் பெயரால் பேசுகிறவர்களும் சேர்ந்துதான்.